நடுவில் போட்ட நாற்காலி

ஒருவர் துக்கத்தை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்பதற்குத் திண்டிவனத்தில் விலை நாற்பது ரூபாய். முக்கால் மணி நேரம். பஸ் சார்ஜ் தனி.

விழுப்புரத்தில் இது இலவசம். எண்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த சுப்பராயலுவின் ஒரே மகன் தேவநாதன் செத்துப்போனபோது ஊரே வந்து இலவசமாகக் கேட்டது. கேட்டதை டீக்கடையிலும் ரயில்வே கேட்டிலும் இலவசமாகவே விநியோகமும் செய்தது. சுப்பராயலு வியாபாரி. இலவசமாகக் கிடைக்கிற சரக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நாற்பது ரூபாய் என்று கேள்விப்பட்டபோது, விலை அதிகமாக இருக்கிறதே, சரக்கும் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தார். ஐம்பது வருஷ வாழ்க்கையில் அவர் இப்படி நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

நடந்தது இதுதான். மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். அதற்கு ஒரே ஒரு சட்டம்: உள்ளே போன கை விலை படியாமல் வெளியே வரக்கூடாது. பாதியில் கையை உருவியவனோடு அப்புறம் எவனும் துண்டு போட மாட்டான்.

அன்றைக்குச் சுப்பராயலுவின் கை எண்ணெய் மில் முத்துசாமியின் கையோடு உள்ளே இருந்தது. மூட்டைக்கு இரண்டு ரூபாய் இழுபறி. பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்த தேவநாதன் பக்கத்தில் நின்று, "அப்பா, வயிறு ரொம்ப நோவுதுப்பா" என்றான். சுப்பராயலு இடது கையால், இருடா, என்று ஜாடை காட்டினார். பையன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். கடைசியில் ஒரு ரூபாய்க்குப் படிந்தது. கை வெளியே வந்தபோது பையனால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "குடல்வால் வெடிச்சிடுச்சு. ஒரு அரை மணி முன்னால கொண்டாந்திருந்தா..."

டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சுப்பராயலுவின் மனைவி பாஞ்சாலி மனசுக்குள் முடித்துக்கொண்டாள். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள்.

சோறாக்கினாள், பரிமாறினாள், வாசல் தெளித்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் மடியில் கையை வைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முந்தானைக்குக் கீழே கை நடுங்கிக்கொண்டே இருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிப்போனார் சுப்பராயலு. பாஞ்சாலி அந்தப் பக்கத்துக்காரிதான். அவள் அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். அன்றைக்கு அங்காளம்மன் சந்நிதியில் ஆடாத பொம்பளையே இல்லை. பாஞ்சாலி ஒருத்திதான் ஆடாமல் நின்றாள்.

சுப்பராயலுவுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவள் ஒரு தடவை வாயைத் திறந்து 'பாவி' என்று சொன்னால் போதும். நான்கு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

திண்டிவனம் யோசனையைச் சொன்னது முத்துசாமிதான். துண்டுக்கு அடியில் இருந்த இன்னொரு கை அவருடையது அல்லவா, அவருக்கும் தூக்கம் இல்லை. "மருந்து கெடையாது, ஊசி கெடையாதுண்ணே. உக்கார வெச்சிப் பேச வெச்சிடுவாராம். படிச்சவரு. போர்டப் பாத்தாலே தெரியும்."

போர்டைப் பார்த்தார்கள். கதவைவிடப் பெரிய போர்டு. 'மனவள ஆலோசகர் பெ. சக்கரபாணி' என்று பெயர் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. மிச்ச இடமெல்லாம் பட்டங்கள். பி.காம்., டிப்.சி., சி.பி.சி.ஏ., எஃப்.எஸ்.ஏ.பி. என்று போய், இடம் போதாமல் பக்கத்துச் சுவரில் இறங்கி, சைக்கிள் கடை வாசல் வரைக்கும் போயிருந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருதயமேரி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பேஷண்ட கூட்டியாந்திருக்கேம்மா" என்றார் சுப்பராயலு.

"பேஷண்டுன்னு சொல்லக் கூடாது சார். இங்க யாரும் நோயாளி கெடையாது. நபர்."

"சரிம்மா. இவங்க என் சம்சாரம்."

"சம்சாரம்னும் சொல்லக் கூடாது சார். உள்ள போயிட்டா நபர்தான்."

சக்கரபாணி நாற்பது வயதுக்காரர். சாதுவான முகம். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டுகள். கிள்ளிப் பார்க்காமல் மூட்டை எடுக்கிற பழக்கம் சுப்பராயலுவுக்குக் கிடையாது. ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார்.

"இது இன்னாங்க?"

"இது தபால்ல படிச்சதுங்க. ஏழு பாடம். கடைசிப் பாடம் தபால்ல காணாமப் போயிடுச்சு. ஆனா பெருந்தன்மையா அதுக்கும் மார்க் குடுத்துட்டாங்க."

"இது?"

"ஏற்காட்டுல மூணு நாள் முகாம். அதுல ஒரு நாள் மழை."

"அந்தப் பக்கம்?"

"இந்த ரெண்டு சர்டிபிகேட்டும் என்கிட்ட இருக்குதுன்னு எங்க ஆலோசகர் சங்கம் குடுத்த சர்டிபிகேட்."

"நடுவுல தங்க பிரேம் போட்டது?"

சக்கரபாணி கொஞ்சம் நெளிந்தார். "அது கௌரவப் பட்டம். சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்."

"அப்ப நீங்களே உங்களுக்குக் குடுத்துக்கினீங்களா?"

"சேச்சே, அது தப்புங்க. தலைவர் எனக்குக் குடுத்தாரு. நான் தலைவருக்குக் குடுத்தேன்."

சுப்பராயலுவுக்கு இது புரிந்தது. மண்டியிலும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு பாங்கில் கடன் வாங்குவது உண்டு.

அப்புறம் சக்கரபாணி முறையை விளக்கினார். "பழைய காலத்துல டாக்டர்தான் பெரியவரு. நம்ம முறையில அப்படிக் கெடையாது. நபர்தான் மையம். நாங்க ஓரம். நபருக்குள்ளயே எல்லா பதிலும் இருக்குது. அதனால நாங்க யோசனை சொல்ல மாட்டோம், கேள்வி கேக்க மாட்டோம், நல்லது கெட்டது சொல்ல மாட்டோம். நிபந்தனையே இல்லாம ஏத்துக்குவோம்."

"நிபந்தனையில்லாமன்னா, இந்த நாப்பது ரூபா?"

"அது நிபந்தனை இல்லீங்க. அது கட்டணம்."

நபர்தான் மையம் என்பதைச் சங்கம் வாய்ப்பேச்சாக விடவில்லை. அறையின் நடுவே தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு நாற்காலி. வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்திலிருந்து ஆள் வந்து டேப் பிடித்து, நாற்காலி நடுவில்தான் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போவாராம். ஃபேன் மட்டும் நடுவில் இல்லை. அறையைத் தடுத்தபோது அது ஓரத்துக்குப் போய்விட்டது. ஆகவே நபர் மையத்தில் வியர்த்துக்கொண்டும், ஆலோசகர் ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

பாஞ்சாலியை மையத்தில் உட்கார வைத்தார்கள். அவள் முந்தானையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பேசவில்லை. சக்கரபாணியும் பேசவில்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. இருதயமேரி ஒரு மணியை அடித்தாள்.

"ரொம்ப ஆழமான அமர்வு" என்றார் சக்கரபாணி. கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே.

சுப்பராயலு ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒண்ணுமே பேசலியேம்மா. பாதி எடுத்துக்க."

இருதயமேரி நோட்டைத் தொடவில்லை. "மௌனத்துக்கும் அதே ரேட்டுதான் சார்."

"ஒரு முப்பது?"

"மௌனத்துலதான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி சார். பேசினா தலையாட்டினாப் போதும். மௌனத்துக்குத் தனி ரேட்டு வெக்கணும்னு சங்கத்துல பேசிக்கினு இருக்காங்க. ஜல்தியா குடுத்துட்டுப் போங்க, தீர்மானம் ஆயிடப் போவுது."

இப்படி நான்கு வாரம் போயிற்று. திண்டிவனம் பஸ்ஸில் போவதும், மையத்தில் உட்காருவதும், கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போது சுப்பராயலு ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தருவதும், பாஞ்சாலி அதை மடியில் வைத்துக்கொண்டு தின்னாமலே விழுப்புரம் வரைக்கும் வருவதும் வழக்கமாகிவிட்டது.

ஐந்தாம் வாரம் பாஞ்சாலிக்குக் காய்ச்சல். பஸ்ஸில் சுப்பராயலு மட்டும் போனார். "அட்வான்ஸ் குடுத்துட்டேன். நானே உக்காந்துக்கறேன்" என்றார். சங்க விதியில் இதற்குத் தடை இல்லை. உட்கார்ந்தார்.

"ஒரே புழுக்கமா இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார்.

"ஒரு புழுக்கத்த உணர்றீங்க" என்றார் சக்கரபாணி.

"ஆமாங்க. ஃபேனு இந்தப் பக்கம் வரல."

"வர வேண்டியது உங்க பக்கம் வரலங்கற ஏக்கம் இருக்குது."

சுப்பராயலு சட்டையில் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார். பிறகு, ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எம் பையன நான்தான் கொன்னுட்டேன்னு அவ நெனைக்கிறா."

"உங்க பையன நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு அவங்க நெனைக்கிறதா நீங்க நெனைக்கிறீங்க."

"ஆமாங்க."

"ஆமான்னு சொல்றீங்க."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் அன்னிக்குக் கைய எடுத்திருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

"கைய எடுத்திருந்தா பொழச்சிருப்பானான்னு கேக்கறீங்க."

"அதத்தாங்க கேக்கறேன். நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லணும்னு எதிர்பாக்கறீங்க."

"யோவ்!" என்று சுப்பராயலு எழுந்துவிட்டார். "நாப்பது ரூபா வாங்கிக்கினு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் குடுக்கறியேய்யா! மண்டியில எவனாவது குடுத்த மூட்டையவே திருப்பிக் குடுத்து அதுக்குக் காசும் கேட்டா ஒதப்பாங்க! ஆமான்னு சொல்லு. இல்லன்னு சொல்லு. பாவின்னு சொல்லு. எதனா ஒண்ணு சொல்லுய்யா!"

சக்கரபாணியின் வாய் லேசாகத் திறந்தது. என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் கண் தானாக மேலே போய், தங்க பிரேம் பக்கத்தில் மாட்டியிருந்த சங்க விதிகளில் நின்றது. விதி பன்னிரண்டு: நபருக்கு யோசனை சொல்லும் ஆலோசகர் அன்றே உறுப்பினர் தகுதியை இழப்பார்.

"நீங்க கோவமா இருக்கீங்க" என்றார் மெதுவாக.

இருதயமேரி மணியை அடித்தாள்.

ஆடி மாதம் சக்கரபாணியே மண்டிக்கு வந்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது பட்டம் எதுவும் இல்லாத மனுஷர் மாதிரி இருந்தார். சங்கத்தின் ஆண்டு மாநாடு விழுப்புரத்தில் நடக்கிறது, தலைவர் கிருஷ்ணசாமி வருகிறார், அவர் முன்னிலையில் நேரடி அமர்வு, அதற்குப் பாஞ்சாலி அம்மாளைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார்.

"இன்னா ரேட்டு?"

"இதுக்குக் கட்டணம் இல்லீங்க."

இலவசம் என்றதும் சுப்பராயலு முகத்தைத் திருப்பி மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார். ஆனால் தலைவர் கடலூரில் ஒரு ஊமையைப் பேச வைத்தார் என்று சக்கரபாணி சொன்னார். அந்த ஆள் ஊமையே இல்லை, சங்கத்தின் பொருளாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. சுப்பராயலு சரி என்றார்.

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வாடகை பாதி. ஆனி மாதக் கல்யாணத்துக்குக் கட்டிய மாவிலை காய்ந்து இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. தேவநாதன் கல்யாணத்துக்கு இந்த மண்டபத்தைத்தான் பேசுவது என்று, அவன் பத்தாவது பாஸான அன்றைக்கே பாஞ்சாலி முடிவு செய்து வைத்திருந்தாள். அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்த வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

ஆலோசகர்கள் நாற்பது பேர். எல்லார் சட்டையிலும் பேட்ஜ். பேட்ஜில் பட்டங்கள் போதாதவர்கள் இரண்டு பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

தலைவர் கிருஷ்ணசாமி பேசினார். வெள்ளை சஃபாரி, கணீர்க் குரல். "நான் இருபது வருஷமாக் கேட்டுக்கினு இருக்கேன். என்ன கேட்டீங்கன்னு யாராவது கேட்டா, ஞாபகம் இல்லன்னு பெருமையாச் சொல்லுவேன். கேக்கறதுதான் முக்கியம், கேட்டது முக்கியம் இல்ல. இந்த இருபது வருஷத்துல ஒருத்தருக்காவது நான் ஒரு யோசனை சொல்லியிருப்பனா? கெடையாது! சொல்லணும்னு தோணினதும் கெடையாது. ஏன்னா, எனக்குத் தோணறதே கெடையாது. அந்த நெலைக்கு நீங்களும் வரணும். என்கிட்ட வந்த நபர் ஒருத்தர்கூட இது வரைக்கும் குறை சொன்னது இல்ல. திரும்பி வந்தாத்தானே சொல்றதுக்கு!"

கைதட்டல் அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அடுத்து, பண்ருட்டிச் செயலாளர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 'நபர்' என்பது ஆளைத் தள்ளி வைக்கிற மாதிரி இருக்கிறதாம். 'ஆள்' என்று மாற்ற வேண்டுமாம். சிதம்பரம் கோஷ்டி எழுந்து, ஆள் என்றால் கூலிக்கு வருகிறவன் என்று ஆகிவிடும் என்றது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் பேட்ஜ் கிழிந்தது. பிறர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பதில் பட்டம் வாங்கிய நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடைசியில், இதைப் பற்றி யோசிக்க ஒரு குழுவும், குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு சர்டிபிகேட்டும் என்று முடிவாயிற்று.

பிறகு நேரடி அமர்வு. மணமேடையில் நாற்காலி போட வேண்டும். மேடைக்கு நடு எது என்பதில் மறுபடி தகராறு. சங்கத்தின் செயலாளர் டேப் பிடித்தார். ஒரு பக்கத் தூணைச் சேர்த்து அளந்தால் ஓரிடம், சேர்க்காமல் அளந்தால் வேறிடம். அரை அடி இந்தப் பக்கமும் அரை அடி அந்தப் பக்கமும் நாற்காலி நகர்ந்தது. பாஞ்சாலி அதில் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். அவளை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நாற்காலி நின்ற இடம், கல்யாணப் பெண்ணை உட்கார வைக்கிற இடம்.

நாற்பது பேரும் அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். கூட்டு மௌனம் தொடங்கியது. சமையல்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. போட்டோகிராபர் நாற்காலிமேல் ஏறி, மௌனத்தை இரண்டு கோணத்தில் எடுத்தார்.

"நபருக்குள்ள பூந்து உணர்ந்தவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

முப்பத்தேழு கைகள் எழுந்தன. மற்ற மூன்று பேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

சுப்பராயலு கீழே, முதல் வரிசையில், கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பேர் நடுவில் பாஞ்சாலி மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை மடியை மூடியிருந்தது. அதற்குக் கீழே கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

நடுங்குகிற கைக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. முந்தானைத் துணி ஒழுங்காக அசைந்தது. எழுந்தது, நின்றது, படிந்தது. மறுபடி எழுந்தது, நின்றது, படிந்தது. முப்பது வருஷமாக மண்டியில், எதிர்க்கடையில் துண்டு அசைகிற அசைவை வைத்தே உள்ளே என்ன விலை போகிறது என்று சொல்கிறவர் அவர். அவள் நடுங்கவில்லை. ஒரு கையால் இன்னொரு கையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் வீடு நிறைய ஜனம். அண்ணன், அண்ணி, அத்தை, விருந்தாளி. அத்தனை பேருக்கு நடுவில் பாஞ்சாலியும் அவரும் ஒரு துண்டுக்கு அடியில்தான் பேசிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையிலும் பேரம் துண்டுக்கு அடியில்தான், ஆகவே தரகர் மகளுக்குக் கணக்கு விரல்நுனியில் இருந்தது. எத்தனை மணிக்கு வருவீங்க? எத்தனாவது ஆட்டத்துக்குப் போறோம்? தேவநாதன் பிறந்தபிறகு அவனும் பிஞ்சுக் கையை நடுவில் நுழைத்துக் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூட டூருக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக்கூட வாயால் கேட்காமல் துண்டைத் தூக்கிக்கொண்டுதான் வருவான்.

ஆறு மாதமாக அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு அவர் டானிக் வாங்கிக் கொடுத்தார்.

சுப்பராயலு தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். வட்டத்தில் சலசலப்பு.

"யாருய்யா அது? அமர்வுக்கு நடுவுல வரக்கூடாது!" என்றார் செயலாளர்.

"நபரத் தொடக் கூடாது!" என்றார் தலைவர்.

"அவ நபர் இல்லீங்க" என்றார் சுப்பராயலு. "எம் பொண்டாட்டி."

"அதெல்லாம் வெளியில! இங்க மையத்துல இருக்காங்க!" என்று தலைவர் கையை நீட்டி மறித்தார். இரண்டு பேட்ஜ்காரர்கள் சுப்பராயலுவின் தோளைப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது வட்டத்திலிருந்து சக்கரபாணி எழுந்தார். முகம் வேர்த்திருந்தது. இந்தத் தடவை மேலே பார்க்கவில்லை.

"விடுங்க அவர" என்றார். பிறகு சுப்பராயலுவைப் பார்த்து, "போங்க சார். போயி அவங்ககிட்ட உக்காருங்க" என்றார்.

அது யோசனை. நாற்பது பேர் காதில் தெளிவாக விழுந்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

சுப்பராயலு நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் மடிமேல் துண்டை விரித்தார். கையை உள்ளே விட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் விரல்கள் வந்தன. சில்லென்று இருந்தன. அவர் கையைத் தடவி, மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தன.

மூன்று.

அவருக்குப் புரிந்தது. வீட்டில் மூன்று பேர். அவள் சோறாக்குவது மூன்று பேருக்கு, தட்டு எடுப்பது மூன்று, மிச்சத்தைக் கொட்டுவது தினமும் ஒரு ஆள் சோறு. அவருக்குத் தெரியாதா? அவர் மெதுவாக அவள் விரல்களில் இரண்டைப் பிடித்தார்.

இரண்டு.

அவள் உதறிவிட்டாள். மூன்று.

அவர் மறுபடி இரண்டைப் பிடித்தார். இப்போது அவர் கை நடுங்கியது. நிஜமான நடுக்கம்.

மூன்று, என்று அவள் பிடித்தாள். நகம் பதிந்தது.

வாழ்க்கையில் கேட்ட விலைக்கு ஒரு மூட்டைகூட வாங்காத மனுஷர் அவர். யாரிடமும் கால் ரூபாயாவது குறைத்துத்தான் கையை வெளியே எடுத்திருக்கிறார். அன்றைக்குப் பேரத்தில் பிடித்த ஒரு ரூபாயின் விலை அவருக்குத் தெரியும். அவர் அவளுடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். மூன்றுதான். நீ சொல்வதுதான். நான்தான் குறைத்துவிட்டேன்.

விலை படிந்தது என்று கையை உருவப் போனார். அவள் விடவில்லை. ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"வெல படியல" என்றாள் பாஞ்சாலி. ஆறு மாதம் மூடியிருந்த தொண்டை. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி வந்தது குரல். "இன்னும் படியல. கைய எடுத்துடாதீங்க."

"எடுக்கலம்மா."

"அன்னிக்கு எடுத்திருக்கணும்."

"ஆமா."

"இன்னிக்கு எடுக்காதீங்க."

"எடுக்கல."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "பாத்தீங்களா! நாம ஒரு வார்த்த சொல்லல, ஒரு விரல அசைக்கல. நபர் தானாப் பேசிட்டாங்க! இதுதான் நம்ம முறையின் வெற்றி!" போட்டோகிராபர், துண்டு நடுவில் மறைக்கிறது, எடுக்க முடியுமா என்று கேட்டார். பிறகு துண்டோடேயே எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. பாஞ்சாலி பேசியதற்காகத் தலைவருக்குப் பாராட்டு. துண்டு போடும் முறைக்குத் தனி டிப்ளமா, கட்டணம் பிறகு அறிவிக்கப்படும். விதி பன்னிரண்டின்படி சக்கரபாணியின் உறுப்பினர் தகுதி ரத்து. திண்டிவனத்தில் சைக்கிள் கடைக்காரர் மறு வாரமே தன் பக்கத்துச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டார்.

அந்தக் கூட்டம் நடந்த நேரத்திலும் மேடையில் இரண்டு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் வந்து, "சாப்பிட வாங்க, ஆறுது" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கை மட்டும் உள்ளேயே இருந்தது.

சங்கத்துக்குச் சேர வேண்டியது முழுக்கச் செலுத்தியாயிற்று. அவர்கள் பக்கம் பைசா பாக்கி இல்லை. வீட்டுக் கணக்கு இது: இருந்தது மூன்று. இருப்பது இரண்டு. பாக்கி ஒன்று, வராக்கடன்.